ஐந்து அறை வீடும் குழைந்த சோறும்

நான் எதையும் எண்ணுகிறவன். மாடிப்படி, மாத்திரை, குழம்பில் மிதக்கும் கத்தரிக்காய்த் துண்டு, ஒன்றையும் விடமாட்டேன். (யாழ்ப்பாணக் கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவனுக்கு வேறென்ன வரும்?) வாழ்க்கையில் எண்ண மறந்தது ஒன்றே ஒன்று: கனடாவுக்கு வெளியே இருந்த நாட்கள்.

நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர் ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது இங்கே இருக்கவேண்டும் என்பது சட்டம். நானோ, பக்கத்து வளவுக்காரன் எங்கள் வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டு யாழ்ப்பாணம் போனேன். ஒன்றரை அடி நிலத்துக்கு மூன்றரை வருடம் வழக்காடி வென்று, பெரிய வீரனாக ரொறன்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். அங்கேயே நாடுகடத்தும் கட்டளையைக் கையில் தந்தார்கள். (ஒன்றரை அடி கிடைத்தது. ஒரு நாடு போகப் பார்த்தது.)

கட்டளையை நீக்கும்படி மேல்முறையீடு செய்ய மகன் ஒரு தமிழ்ப் பெண் வக்கீலைப் பிடித்தான்.

"அங்கிள், சும்மா உள்ளதைச் சொன்னால் காணும்," என்றாள் அந்தப் பிள்ளை. "அங்கை உங்களுக்கு ஒருத்தரும் இல்லை. தனியக் கஷ்டப்படுவியள். இஞ்சை குடும்பத்தோடை இருக்கோணும். விளங்கினதோ?"

"ஓம், ஓம்," என்றேன்.

விசாரணை அறையில் நீதிபதி ஒரு கண்ணாடி போட்ட அம்மா. கூரையில் பதினாறு விளக்குகள், ஒன்று எரியவில்லை. அதைச் சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அரசாங்கத் தரப்பு வக்கீல் எழும்பினார். மொழிபெயர்ப்பாளர் மூலம் மரியாதையாகக் கேட்டார்: "யாழ்ப்பாணத்தில் உங்கள் வீடு எப்படி, ஐயா?"

முன்பின் தெரியாதவர் வீட்டைப் பற்றி விசாரித்தால், அவர் சம்பந்தம் பேச வந்தவர் என்றே எங்கள் இரத்தத்துக்குத் தோன்றும். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அஞ்சு அறை. கல்வீடு. ஏழு தென்னை. கிணத்துத் தண்ணி இளனி மாதிரி."

"சமையல்?"

"நானே சமைப்பன். நான் ஒருத்தருக்கும் பாரமில்லை."

வக்கீல் பிள்ளை இருமினாள். தண்ணீர் வேண்டுமாக்கும் என்று என் கிளாசை அவள் பக்கம் தள்ளிவிட்டேன்.

"இங்கே வாழ்க்கை எப்படி?"

"என்னத்தைச் சொல்ல? குளிர். லிப்ட் வேலை செய்யிறேல்லை. மருமகள் வைக்கிற சோறு குழையும்."

மொழிபெயர்ப்பாளர் சோற்றையும் விடாமல் மொழிபெயர்த்தார். பின்னால் மகன் தலையில் கைவைப்பது தெரிந்தது. நீதிபதி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்படியானால் திரும்பிப் போவதில் உங்களுக்குக் கஷ்டமே இல்லையா?"

அப்போதுதான் உறைத்தது. கூரை விளக்குகளை மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

அடுத்த சாட்சி மருமகள் நிரோஜா. குழைந்த சோற்றுக்குச் சொந்தக்காரி. என்னைத் திரும்பியும் பார்க்காமல் போய் உட்கார்ந்தாள். வக்கீல் பிள்ளை பயந்து பயந்து கேட்டாள்: "மாமா வீட்டிலை என்ன செய்வார்?"

"எண்ணுவார்," என்றாள் நிரோஜா. "முட்டை எண்ணுவார், வாழைப்பழம் எண்ணுவார். ஒரு பழம் குறைஞ்சால் எனக்கும் இவருக்கும் பேத்திக்கும் விசாரணை. இதை விடப் பெரிய விசாரணை!"

அவள் நிறுத்தவில்லை.

"நான் வேலையாலை வரேக்கை ஜன்னலிலை நிப்பார். 'மூண்டு பஸ் போயிட்டுது, நீ நாலாவதிலை வாறாய்' எண்டு பேச்சு. நாளும் பொழுதும் இதே பேச்சு. ஆனால் மாமா ஊருக்குப் போயிருந்த காலம், பஸ்ஸாலை இறங்கி அண்ணாந்து பாப்பன். ஜன்னலிலை ஒருத்தரும் இல்லை. அதுக்குப் பிறகு படியேறவே மனம் வராது."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "ஏன் பஸ்ஸை எண்ணுகிறீர்கள்?"

"வீட்டிலை நாலு பேர், அம்மா. பின்னேரம் எண்ணினால் நாலு வரோணும். வராட்டி எனக்குச் சாப்பாடு இறங்காது."

"அந்த நாலில் நீங்களும் உண்டா?"

"ஓம்," என்றேன். "என்னையும் சேர்த்துத்தான் நாலு."

இடைவேளைக்குப் பிறகு கட்டளையை நீக்குவதாக நீதிபதி சொன்னார். மகன் அழுதான். வக்கீல் பிள்ளை, "அங்கிள், இனி ஆர் வீட்டைப் பற்றிக் கேட்டாலும் வாய் திறக்காதேங்கோ," என்று கும்பிட்டாள். வெளியே போகும்போது எரியாத விளக்கைப் பற்றி மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

இப்போது வீட்டில் நான் எதைக் குறை சொன்னாலும் மகன், "அப்பா, அஞ்சு அறை, ஏழு தென்னை!" என்பான். பேத்தி இருமிக் காட்டுவாள். நிரோஜா மட்டும் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

"மாமா, சத்தியம் பண்ணிச் சொல்லுங்கோ. சோறு எப்பிடி?"

"திறமாயிருக்கு, பிள்ளை," என்பேன். குழைவு கொஞ்சமும் குறையவில்லை. பருக்கையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும்; இந்த வீட்டில் என்னால் எண்ண முடியாதது அந்தச் சோறு ஒன்றுதான்.