பல்செட் படத்துக்கு யார் கதை?

இந்த வருஷம் விருதை வாங்கியே தீர்வது என்று முடிவெடுத்துவிட்டேன். வெறும் வாய்ச்சொல் இல்லை. கூடத்துச் சுவரில் டிவிக்கு மேலே ஆணியே அடித்துவிட்டேன்.

"இதுல என்ன மாட்டப் போறீங்க?" என்றாள் என் மனைவி.

"கேடயம். எங்க சங்கத்துக் கேடயம். சிறந்த சொந்தத் திரைக்கதை."

"இன்னும் பரிந்துரையே வரலையே."

"வந்துரும்."

அவள் ஆணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கொஞ்சம் கோணலா இருக்கு" என்றாள். எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் சில கேள்விகளைக் கேட்காமல் விடப் பழகியிருக்கிறேன்.

நான் சினிமாவுக்குத் திரைக்கதை எழுதுகிறவன். அடுத்தவர் கதைக்குக் காட்சி பிரித்துக் கொடுத்தே பாதித் தலை நரைத்துவிட்டது. முதல் முறையாகப் போன வருஷம்தான் கதை, திரைக்கதை, வசனம் மூன்றுக்கும் என் பெயர் திரையில் வந்தது. படம் 'இரண்டு பேர், ஒரு பல்செட்'. ரயிலில் பல்செட்டைத் தவறவிட்ட இரண்டு பெரியவர்கள். கிடைத்ததோ ஒன்றுதான். இருவருக்குமே அது பொருந்துகிறது. யாருடையது என்று முடிவாகிறவரை ஆளுக்கு ஒருநாள் என்று முறைவைத்துக்கொள்கிறார்கள். பல்செட் வைத்திருப்பவர் பேசுவார், மற்றவர் ம் கொட்டுவார். வாழ்நாளெல்லாம் பேசிக்கொண்டே இருந்த இரண்டு பேர் முதல் முறையாக இன்னொருவர் பேச்சைக் கேட்கிறார்கள். தியேட்டரில் சிரித்தவர்கள் அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். என் தலையிலிருந்துதான். தலைக்குள் எப்படிப் போனது என்பது வேறு விஷயம்.

என் மனைவிக்கு ரயில் நிலையத்தில் வேலை. பயணிகள் தவறவிட்ட பொருள்களை வாங்கி வைத்து, வந்து கேட்கிறவர்களிடம் அடையாளம் கேட்டுத் திருப்பிக் கொடுக்கும் அலுவலகம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு யார் என்ன தொலைத்தார் என்று சொல்லுவாள். நான் எதிரே உட்கார்ந்து என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நடுவில் திடீரென்று நிறுத்தி, "நான் சொல்றதைக் கேக்கறீங்களா?" என்பாள். "ம் கொட்டிக்கிட்டுதானே இருக்கேன்" என்பேன். எங்கள் வீட்டில் இது எழுதாத சட்டம். ம் கொட்டினால் கேட்டதாக அர்த்தம். இதை வைத்துத்தான் நான் இத்தனை வருஷம் தப்பித்து வந்திருக்கிறேன்.

படம் முடிந்து பெயர் போடும் கட்டத்தில் அவள் ஒரே ஒரு கோரிக்கை வைத்தாள். 'கதை' என்று போட்டு அவள் பெயரைப் போடவேண்டுமாம். வீட்டில் சும்மா பேசுவதெல்லாம் கதையாகிவிடுமா, அதைக் கதையாக்கியவன் நானல்லவா என்று விளக்கினேன். "சரி" என்றாள். ஒரே வார்த்தை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

எங்கள் சங்கத்தில் திரைக்கதைக்கு இரண்டு விருதுகள். ஒன்று சொந்தம், மற்றது தழுவல். சொந்தம் என்றால் எழுதியவர் தனியாக மேடையேறிக் கேடயம் வாங்கலாம். தழுவல் என்றால் மூலக்கதைக்காரர் முன்னால் போய் வாங்குவார், திரைக்கதை எழுதியவர் பின்னால் நின்று கைதட்ட வேண்டும். இந்த விதிகளை எழுதியது நான்தான். விதிக்குழுவில் இருக்கிறவர் போட்டியிடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. நான் ஏன் அப்படி எழுதப் போகிறேன்?

எனக்கு இருந்த ஒரே தொல்லை மாடிவீட்டுப் பல் டாக்டர். நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவே உட்கார்ந்து ஒரு திரைக்கதை எழுதினார். தண்ணீரைக் கண்டால் நடுங்குகிற கப்பல் சமையல்காரன் கதை. முதல் படம்தான், ஆனால் ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் "சார், உங்க படம் பிரமாதம்" என்று வேறு சொல்லுவார். போட்டியாளர் இப்படி நல்லவராக இருந்தால் எப்படி மனசாரத் திட்டுவது?

ஒருநாள் இந்த வயிற்றெரிச்சலை மனைவியிடம் கொட்டினேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கப்பல் கதையா?" என்றாள். "அதை என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போதே சொல்லிட்டாரே. வர்றவங்க எல்லாருக்கும் சொல்வாராம்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏற்கெனவே அச்சிலோ மேடையிலோ வானொலியிலோ வந்த கதை, சொன்னவர் யாராக இருந்தாலும், தழுவல் பிரிவுக்குத்தான் போகவேண்டும் என்பது எங்கள் விதி.

"ஆனா அவர் வாயாலதானே சொன்னார். அது விதியில வராதே" என்றேன்.

"வராட்டி வர வைங்க. 'வாயால் சொல்லப்பட்ட கதையும்'னு ஒரு வரி சேருங்க. நீங்கதானே விதி எழுதறவரு."

நான் அவளை அப்படியே பார்த்தேன். கட்டிய மனைவி என்றால் இவளல்லவா? அன்று ராத்திரி பாத்திரங்களை நானே கழுவினேன். அவள் தடுக்கவில்லை.

அடுத்த விதிக்குழுவில் அந்த வரியைக் கொண்டுவந்தேன். நம் மரபில் கதை என்பதே வாய்வழி வந்ததுதான் என்று உருக்கமாகப் பேசினேன். இரண்டு பேர் கைக்குட்டையை எடுத்தார்கள், ஒருவருக்கு ஜலதோஷம் என்று பிறகு தெரிந்தது. விதி நிறைவேறியது. பரிந்துரையும் வந்தது. சொந்தத் திரைக்கதைக்கு இரண்டே பெயர். நானும் டாக்டரும்.

பரிந்துரை வந்தபின் ஆட்சேபக் கூட்டம் நடக்கும். யார் தகுதி பற்றியும் யாரும் கேள்வி எழுப்பலாம். எங்கள் சங்க அறைக்கு நேர் கீழே ஒரு டயர் கடை. எப்போது முக்கியமான பேச்சு வந்தாலும் கீழே யாராவது சுத்தியலால் அடிப்பார்கள். எங்கள் தலைவர் பழைய இயக்குநர், காதில் கருவி வைத்திருப்பவர். சுத்தியல் சத்தம் வந்தால் கருவியைக் கழற்றிவிடுவார், பிறகு மாட்ட மறந்துவிடுவார். பல தீர்மானங்கள் எங்கள் சங்கத்தில் அப்படித்தான் நிறைவேறியிருக்கின்றன.

நான் எழுந்து புது விதியைப் படித்தேன். டாக்டரின் கப்பல் கதை படமாவதற்கு முன்பே நோயாளிகளுக்குச் சொல்லப்பட்டது, ஆகவே அது தழுவல் என்றேன். சாட்சியாக என் மனைவியை அழைத்தேன். மனைவியைத் தானாகச் சாட்சிக்கு அழைத்த கணவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த நிமிஷம் அது எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

"டாக்டர் உங்ககிட்ட அந்தக் கதையைச் சொன்னாராம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"சொன்னாருங்க. முதல் தடவை பாதி. அடுத்த தடவை மீதி."

நான் டாக்டரைப் பார்த்துப் புன்னகைத்தேன். அவர் பாவம், தலையைக் குனிந்துகொண்டார்.

"நல்லாக் கேட்டீங்களா?"

"எங்கங்க கேக்கறது. வாய் முழுக்கப் பஞ்சு. ஒரு ம் கூடக் கொட்ட முடியல. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டிருந்தாரு, நான் பாட்டுக்கு விட்டத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

தலைவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டார். "ம் கொட்டலையா? அப்ப அது எப்படிக் கதை சொன்னதாகும்? ஒருத்தர் சொல்லணும், ஒருத்தர் ம் கொட்டணும். ம் இல்லைன்னா அது புலம்பல்."

நான் விடவில்லை. விதியில் 'சொல்லப்பட்ட' என்றுதான் இருக்கிறது, 'கேட்கப்பட்ட' என்று இல்லை என்று வாதாடினேன். விவாதம் சூடுபிடித்தது. தூங்கிப்போன குழந்தைக்குச் சொன்ன கதை சேருமா என்றார் ஒருவர். போனில் சொல்லும்போது பாதியில் தொடர்பு அறுந்துபோயிருந்தால், அறுந்தது தெரியாமல் சொன்ன பகுதி எதில் சேரும் என்றார் இன்னொருவர். கீழே டயர் கடையில் அடித்தார்கள். தலைவர் கருவியைக் கழற்றிவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார். எதிரே ம் கொட்ட ஆள் இருந்தால்தான் அது சொல்லப்பட்ட கதை. டாக்டரின் கதை சொந்தமே. விதிக்கான இந்த விளக்கத்தை உடனே எழுதிச் சேர்க்கும்படி உத்தரவு. விதி எழுதுகிறவன் நான். என் கையாலேயே எழுதிச் சேர்த்தேன்.

"வேற ஆட்சேபம் உண்டா?" என்றார் தலைவர், கருவியை மறுபடி மாட்டிக்கொண்டு.

என் மனைவி உட்காரவே இல்லை. "எனக்கு ஒண்ணு இருக்குங்க" என்றாள்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. டாக்டர் பல்லைச் சரியாகப் பிடுங்கவில்லை என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"பல்செட் கதையை நான் இவருக்குச் சொன்னேன். எங்க ஆபீஸ்ல நடந்தது. ரெண்டு பெரியவங்க வந்தது, ஆளுக்கு ஒருநாள்னு முறைவெச்சது, பல்லில்லாத அன்னிக்கு மத்தவர் ம் கொட்டினது, எல்லாம் சொன்னேன்."

அறை அமைதியானது. டயர் கடை கூட அமைதியாக இருந்தது. தலைவர் கருவியை நன்றாக அழுத்திவிட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, விஷயம் ரொம்ப எளிது. இந்தம்மா சொல்லும்போது நீ ம் கொட்டினியா, இல்லையா?"

நான் யோசித்தேன். இல்லை என்று சொன்னால் படம் சொந்தம். தனியாக மேடையேறலாம். ஆணிக்கும் வேலை வந்துவிடும். ஆனால் மனைவி பேசும்போது நான் கேட்பதே இல்லை என்று சங்கத்துக்கு முன்னால், அவளுக்கு முன்னால், ஒப்புக்கொண்டதாகிவிடும். இத்தனை வருஷம் 'ம் கொட்டிக்கிட்டுதானே இருக்கேன்' என்று சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். அதன்பிறகு வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? போனால் கதவு திறக்குமா?

நிஜத்தைச் சொல்வதானால், எனக்கு ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. அவள் அந்தக் கதையைச் சொன்ன அன்று நான் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டேன். அவள் சொல்லி முடிக்கிறவரை அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வருஷத்தில் ஒரே ஒருநாள் ஒழுங்காகக் கேட்டேன், அன்றைக்குக் கேட்டதையே சுட்டுவிட்டேன்.

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க" என்றாள் அவள், மிக மென்மையாக. "நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

கல்யாணமானவர்களுக்கு இந்த வாக்கியத்தின் அர்த்தம் தெரியும்.

"ம்" என்றேன்.

"கேக்கலை" என்றார் தலைவர்.

"கொட்டினேங்க" என்றேன்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். பஞ்சு விஷயத்தை ஏன் என்னிடம் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேனே. பல்லைப் பிடுங்கிட்டு வந்த அன்னிக்கே சொன்னேன். நீங்க ம் கொட்டினீங்க."

சொந்தத் திரைக்கதைக்கான கேடயத்தை டாக்டர் தனியாக மேடையேறி வாங்கினார். எதிர்த்துப் போட்டியிட ஆளில்லை. தழுவல் பிரிவில் எங்கள் படம் ஜெயித்தது. நான் எழுதிய விதிப்படி அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் நின்று கைதட்டினேன். நன்றாகவே தட்டினேன் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். விழா வீடியோவில் நான் தெரியவில்லை, கைகள் மட்டும் தெரிகின்றன.

கேடயத்தை ஆபீஸில் ஒருநாள் காட்டிவிட்டு வருகிறேன் என்று எடுத்துப் போனாள். வாரம் ஒன்று போய்விட்டது. கூடத்து ஆணியில் அவளுடைய குடை தொங்குகிறது. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மத்தியானம் அவள் அலுவலகத்துக்கே போனேன். ஜன்னலுக்குப் பின்னால் அலமாரியில், இரண்டு சூட்கேஸுக்கும் ஒரு ஒற்றைச் செருப்புக்கும் நடுவில், என் கேடயம் பளபளவென்று இருந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நாலு பேர். அவள் முகத்தில் என்னைத் தெரிந்த மாதிரியே இல்லை.

"என்ன தொலைச்சீங்க?"

"கேடயம்" என்றேன். "அதோ, அந்த அலமாரியில இருக்கு."

"அடையாளம்?"

"அதுல என் பேர் இருக்கும்."

அவள் எழுந்து போய் அதை எடுத்து, துடைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"இதுல முதல்ல ஒரு அம்மா பேரு இருக்குங்க. அவங்களைக் கையோட கூட்டிட்டு வாங்க, குடுத்துடறோம். அடுத்தவங்க வாங்க."