துவாய் அண்ணையின் வெள்ளிக்கிழமை

கொழும்பிலேயே இரக்கமில்லாத மனிதர் எனக்கு அடுத்த மேசையில்தான் இருந்தார்.

வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஆறு பேருக்கும், புரோகிராம்களைப் பயிற்றுவிக்கத் தேவையான ஜிபியூ உள்ள கணினி ஒன்றுதான். அதைப் பராமரித்தவரிடம் ஒரு சிவப்புத் துவாய் இருந்தது. அது யாருடைய கதிரை முதுகில் தொங்குகிறதோ, அவர் புரோகிராம் எழுதி ஓட்டும் நோட்புக் பக்கத்துக்குத்தான் அன்று ஜிபியூ. அதனால் அவர் துவாய் அண்ணை.

நோட்புக்கை ஓடவிட்டுச் சாப்பிடப் போனால் பின்னாலேயே வருவார்.

"தங்கச்சி, நீங்கள் இங்க சோறு தின்னுறியள், உங்கட நோட்புக் அங்க ஜிபியூவைத் தின்னுது. நிப்பாட்டிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ."

ஒவ்வொருவரின் நோட்புக்கும் தனித்தனிக் கொன்டெய்னரில் ஓடியது. நான் சேர்ந்த அன்றே விளங்கப்படுத்தினார்.

"கொன்டெய்னர் எண்டா லொட்ஜ் அறை மாதிரி. வெள்ளிக்கிழமையெண்டா அஞ்சு மணிக்கு உள்ள இருக்கிறதோட இடிச்சுப்போடுவன். வேணுமெண்ட சாமானை வெளி ஃபோல்டரில வையுங்கோ."

மனேஜர் ஒருமுறை இன்னும் பத்து நிமிடம் தரச்சொல்லிக் கெஞ்சினார். "அஞ்சு மணி, சேர்," என்று அவருடைய அறையையும் இடித்தார் துவாய் அண்ணை. திங்கட்கிழமை மனேஜரின் வேலை வெளி ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது. "நான் எப்பவும் வெளியிலதான் வைக்கிறனான்," என்று அவர் பெருமைப்பட்டார். துவாய் அண்ணை பிளேன்டீ குடித்தார்.

எனக்கு மூன்று மாதத் தவணை முடியும் நேரம். கையெழுத்துத் தமிழை வாசிக்கும் புரோகிராமைத் திங்கட்கிழமை காட்டினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீடு. நான்கு நாள் பயிற்றுவித்து, வெள்ளி மத்தியானம் முடித்தேன். நாலரைக்குப் பஸ் ஏறினேன். செய்தவற்றை மனதில் இலக்கமிட்டுச் சரிபார்ப்பது என் பழக்கம். ஒன்று, கொன்டெய்னரைத் தொடங்குதல். இரண்டு, ஜிபியூ கொடுத்தல். மூன்று, வெளி ஃபோல்டரை இணைத்தல்.

மூன்றாவதை நான் செய்யவேயில்லை. மணி ஐந்து பத்து. பஸ்ஸிலிருந்தே ஃபோன் எடுத்தேன்.

"அண்ணை, என்ர அறை..."

"இடிச்சாச்சு, தங்கச்சி."

"நாலு நாள் வேலை, அண்ணை!"

"அஞ்சு மணியெண்டு சொன்னனான்தானே." வைத்துவிட்டார்.

கொட்டாஞ்சேனை வரும்வரை நான் அழவில்லை. வீட்டில், அம்மாவிடம் சொல்ல வேண்டியவற்றைப் பட்டியலிட உட்கார்ந்தேன். '1' என்று எழுதியதற்கு மேல் ஓடவில்லை.

திங்கள் காலை என் கதிரையில் துவாய் தொங்கியது. வெளி ஃபோல்டரில் என் பெயரில் ஒன்று. அதற்குள் நான்கு நாள் வேலையும் அப்படியே. பிரதியெடுத்த நேரம், வெள்ளி நாலு ஐம்பது.

"ஃபோனிலயே சொல்லியிருக்கலாமே, அண்ணை!"

"மனேஜருக்கு ஒருநாளும் நோகேல்லை. அதுதான் ஒவ்வொரு கிழமையும் மறக்கிறார்," என்றார், திரும்பிப் பார்க்காமலே.

அதற்குப் பிறகு நான் மறந்ததில்லை. அவர் கனடா போய்விட்டார். துவாயும் வெள்ளிக்கிழமையும் இப்போது என்னிடம். இரக்கமில்லாதவள் என்று எனக்கும் பெயர் வந்தாயிற்று.

வெள்ளி நாலே முக்காலுக்கு அங்கிருந்து ஒரு வட்சப் வரும்: "எல்லா அறையும் பாத்தாச்சா?"

கடைசி அறையையும் திறந்து பார்த்துவிட்டுத்தான், "ஓம் அண்ணை," என்று அனுப்புகிறேன்.