செம்புரவிக்கு இரண்டு மணி

மிதிபுரி என்றொரு நாடு. அதற்குப் படை கிடையாது, சைக்கிள் உண்டு. செம்புரவி சைக்கிள் என்றால் அண்டை நாட்டு அரசர்களே வரிசையில் நின்று வாங்கினார்கள். அந்த நாட்டின் ஆணைகளை அழகு தமிழில் எழுதித் தரும் ஆஸ்தான எழுத்தர் அடியேன். ஆட்சியில் யார் இருந்தாலும் புகழ்ச்சியில் நான் குறை வைத்ததில்லை.

செம்புரவிக்கு ஒரு வழக்கம் இருந்தது. செய்து முடித்த ஒவ்வொரு வண்டியையும் அரண்மனை மேட்டிலிருந்து ஓட்டிப் பார்ப்பார்கள். கீழே குளம். குளத்துக்கு முன்னால் பிரேக் பிடித்து நின்றால்தான் மணி மாட்டுவார்கள். அதனால் மணிச் சத்தம் கேட்டால் தெருவில் யாரும் பதற மாட்டார்கள், வருவது நிற்கிற வண்டி என்று தெரியும். ஓட்டிப் பார்க்கும் வேலை என் மனைவி வடிவாம்பாளுக்கு.

ஒருநாள் அரசர் நாட்டை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். கம்பெனியின் மகா நிர்வாகி தேவசிகாமணியார் பல்லக்கில் வந்து இறங்கினார்.

"மக்கள் எதை நம்புகிறார்கள், எழுத்தரே?"

"மணியை, பிரபு."

"அப்படியானால் மணியை முதலில் மாட்டுங்கள். ஓட்டிப் பார்ப்பது வீண் தாமதம்."

'நம்பிக்கைக்கே முதலிடம்' என்று எழுதினேன். வடிவாம்பாளுக்கு வேலை போயிற்று.

"ஏங்க, நிக்காத வண்டிக்கு மணி மாட்டினா ஜனங்க அடிபட்டுச் சாவாங்களே! எழுத உங்களுக்கு எப்படிங்க கை வந்துச்சு?"

"மேலிடத்து உத்தரவுடி."

"ஆமா, பெரிய மேலிடம்!"

அடுத்த ஆணையில் இரண்டு பிரேக் ஒன்றாயிற்று. அதற்கடுத்ததில் அந்த ஒன்றும் அட்டையில் செய்யப்பட்டது. மணி மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு வண்டி சந்தைக்குள் புகுந்து பால்காரர் மாசானத்தின் காலை முறித்தது. 'மணி கேட்டும் ஒதுங்காதவர் தேசத்துரோகி' என்று ஆணை பிறந்தது. அதற்கு எதுகை மோனை வேறு பார்த்தேன், வெட்கங்கெட்டவன்.

என் தொண்டினைப் பாராட்டி, இரண்டு மணி வைத்த செம்புரவியைப் பரிசளித்தார்கள். நாட்டு விழாவன்று மேட்டிலிருந்து நானே ஓட்டி இறங்க வேண்டும். அட்டை பிரேக் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஏறினேன். இரண்டு மணி மாட்டிய வண்டியல்லவா! சொந்த ஆணையை நானே நம்பிவிட்டேன்.

பாதி மேட்டில் பிரேக்கைப் பிடித்தேன். அட்டை கிழிந்தது. ஐயோ என்று கத்திக்கொண்டே இரண்டு மணியையும் அடித்தேன். ஜனங்கள் ஒதுங்கி நின்று கைதட்டினார்கள். குளக்கரையில் வடிவாம்பாள் மட்டும் கையில் துண்டோடு காத்திருந்தாள். அவளைத் தாண்டிக்கொண்டு தண்ணீருக்குள் போய் விழுந்தேன்.

பல்லக்கு மெல்ல வந்து சேர்ந்தது.

"அருமை! இனிமேல் குளம் வரை போகும் வண்டியே தரமானது. எழுதிக்கொள்ளுங்கள், எழுத்தரே."

தாமரை இலையை உதறிவிட்டு, "பேனா இருக்கிறதா, பிரபு?" என்றேன்.

துடைக்க நீட்டிய துண்டை வடிவாம்பாள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "அதையும் அழகா எழுதுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அழகாகத்தான் எழுதினேன். மறுநாள் காலை மேட்டின் உச்சியில் நாடே சைக்கிளோடு வரிசையில் நின்றது. எல்லோரும் மணியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.