ஒரிஜினல் பாயும் சிதம்பரத்துக்குப் போன பிரேக் பேடும்

உலகத்தில் உள்ள அத்தனை போலிச் சரக்கும் ஒரே ஒரு மனிதரின் கண்ணுக்குத்தான் பயப்படும். அவர் கடலூர் முதுநகரில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் ஒரிஜினல் பாய்.

மற்ற மெக்கானிக்குகள் வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்பார்கள். பாய் கேட்கும் முதல் கேள்வி, “இதுக்கு முன்னால யாரு கைவெச்சா?” பிறகு பானெட்டைத் திறப்பார். உள்ளே ஒரு டூப்ளிகேட் சாமான் தென்பட்டால் போதும், குளிக்கிறவர் இருக்கும் அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர் மாதிரி சட்டென்று மூடிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

என் மனைவியின் தம்பி ஒருமுறை ஆன்லைனில் கிளட்ச் பிளேட் வாங்கிக்கொண்டு அவரிடம் போனான். பாய் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. ஸ்டிக்கரைப் பார்த்ததுமே நீட்டியவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“பாதி வெலைக்குக் கெடச்சிது பாய்!”

“பாதி தூரந்தான் போவும் மச்சான். சிதம்பரம் போவணும்னு கெளம்பிட்டு புதுச்சத்திரத்துல எறங்கிக்கிறியா?”

கம்பெனி முத்திரை இல்லாத எல்லாவற்றையும் அவர் வெறுத்தார் என்று நினைத்துவிடாதீர்கள். வைப்பர், ஹாரன், மிதியடி இதற்கெல்லாம் வெளிக் கம்பெனிச் சாமானை அவரே வாங்கி மாட்டுவார். “வெளிக் கம்பெனிக்காரன் தன் பேரப் போட்டு விக்கிறான் வாத்தியாரே, அவன் மானஸ்தன். டூப்ளிகேட்காரன் அடுத்தவன் பேரப் போட்டு விக்கிறான். அவன் சாமான தொட்டா நான் கை கழுவணும்” என்பார். ஆனால் பிரேக் என்று வந்துவிட்டால் மானஸ்தனுக்கும் இடமில்லை. “ஓடறதுக்கு எத வேணா போடு. நிக்கறதுக்குக் கம்பெனிதான்.”

பாய்க்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் கம்பெனிப் பெட்டியில் இருக்கும் ஒவ்வோர் எழுத்தின் வளைவும் அவருக்கு மனப்பாடம். “இந்த எழுத்துக்கு வவுறு சப்பையா இருக்கு, இது நம்ம ஆளு இல்ல” என்று தள்ளிவிடுவார். இங்கிலீஷில் பட்டம் வாங்கிய நான் அந்த எழுத்தை எவ்வளவு நேரம் முறைத்துப் பார்த்தாலும் அதன் வயிறு எனக்குத் தெரிந்ததில்லை.

போன வருடம் மாமனார் வீட்டுச் சொந்தத்தில் ஒரு கல்யாணம், சிதம்பரத்தில். முதல் நாள் மாலை பாய் என் காருக்கு முன் சக்கர பிரேக் பேடு மாற்றிக் கொடுத்தார். மறுநாள் காலையில் மனைவி, மாமியார், மாமனார் சகிதம் புறப்பட்டேன். பிரேக்கை மிதிக்கும்போது லேசாகக் கீச்சென்றது. “புதுசுன்னா அப்பிடித்தான் இருக்கும்” என்றார் மாமனார். அவர் வாழ்நாளில் கார் ஓட்டியதில்லை.

தாலி கட்டி முடிந்தது. போனை ஊமையாக்கிப் பைக்குள் போட்டிருந்தேன். கைகழுவப் போன மாமனார், முகம் வெளுத்துத் திரும்பி வந்தார்.

“மாப்ள, ஒங்க காருக்கு அடியில யாரோ ஒரு ஆளு படுத்திருக்காரு.”

ஓடினேன். மண்டபத்து வாசலில் முன் சக்கரம் இரண்டும் இல்லாமல் என் கார் செங்கல் அடுக்கின் மேல் நின்றுகொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து லுங்கி கட்டிய இரண்டு கால்கள் நீண்டிருந்தன. பட்டுப்புடவைகள் கூடி வேடிக்கை பார்த்தன. கையில் ஸ்பேனரோடு ஒரிஜினல் பாய் எழுந்து உட்கார்ந்தார்.

“எத்தினி போனு போட்டேன், எடுக்க மாட்டீங்களா?”

“பாய், என்ன பண்றீங்க இங்க?”

அவர் என் உள்ளங்கையில் ஒரு பிரேக் பேடை வைத்தார். கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். ஊறிய பிஸ்கட் மாதிரி ஒரு ஓரம் உதிர்ந்தது. நாற்பது கிலோமீட்டர் அதை நம்பித்தான் நான்கு பேர் வந்திருந்தோம்.

நடந்தது இதுதான். காலையில் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த ஒருவர் பொழுது போகாமல் தரையில் கிடந்த, என் வண்டிக்குப் போட்ட பேடின் காலிப் பெட்டியை எடுத்துப் படித்திருக்கிறார். “பாய், ஜெனியூன்ங்கற வார்த்தையில ஒரு எழுத்தக் காணுமே?” அவ்வளவுதான். பாய் கம்பெனி ஷோரூமுக்கு ஓடி நல்ல பேடு வாங்கி, ஜாக்கியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் பிடித்துவிட்டார்.

சிதம்பரத்தில் கல்யாணம் என்று மட்டும் முதல் நாள் சொல்லியிருந்தேன், எந்த மண்டபம் என்று அவருக்குத் தெரியாது. அன்றைக்கு முகூர்த்த நாள், ஊரெல்லாம் கல்யாணம். மண்டபம் மண்டபமாகப் போய், நிற்கிற வெள்ளைக் காரையெல்லாம் தடவிப் பார்த்திருக்கிறார். என் வண்டியின் இடது பின்கதவில் ஒரு நெளிசல் உண்டு. அதைத் தேடித்தான்.

“ஒரு மண்டபத்துல திருடன்னு புடிச்சிக்கிட்டாங்க. விஷயத்தச் சொன்னதும் அவுங்களும் கூட வந்து தேடுனாங்க. இன்னொரு மண்டபத்துல பொண்ணு வூடா மாப்ள வூடான்னு கேட்டாங்க. பிரேக் வூடுன்னேன். உக்கார வெச்சி டிபன் போட்டுட்டாங்க. பொங்கல்ல நெய் ஜாஸ்தி.”

எல்லோரும் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. சக்கரங்களை மாட்டி முடித்து, என்னை உள்ளே உட்காரவைத்து நாலைந்து முறை பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மிதி கெட்டியானதும் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

“கண்ணு மங்கிடுச்சி வாத்தியாரே. ஒரு வருஷமா எழுத்தெல்லாம் பொகையாத்தான் தெரியிது. கை பழக்கத்துல ஓட்டிக்கிட்டு இருந்தேன். யாருகிட்டயும் சொல்லல.” ஸ்பேனரை லுங்கியில் துடைத்தார். “ஒர்க்‌ஷாப்ப மூடிடலாம்னு இருக்கேன். இனிமே நானே டூப்ளிகேட்டுதான்.”

அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பரிசோதித்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். புரை முற்றியிருக்கிறது, எடுத்துவிட்டு உள்ளே லென்ஸ் வைக்கவேண்டும் என்றார். பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கம்பெனி ஒரிஜினல்தானே வெப்பீங்க?”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“ஐயா, கம்பெனி ஒரிஜினல் நீங்க பொறக்கும்போதே மாட்டி வந்தது. அதுதான் இப்ப கெட்டுப்போச்சு. இனிமே வெளிக் கம்பெனிதான்.”

பாய் மேஜை மேலிருந்த மருந்துப் பெட்டி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

“பொட்டியில பேரு போட்டிருக்குமா?”

“போட்டிருக்கும்.”

“சொந்தப் பேரா?”

“சொந்தப் பேருதான் ஐயா.”

“அப்ப மாட்டுங்க. ஆனா பொட்டிய எங்கிட்ட குடுத்துடணும்.”

ஆபரேஷன் முடிந்த மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். அவருடைய மகளும் மருமகனும் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரம், நான் மட்டும்தான் எதிரில் இருந்தேன். பாய் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிச் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னை. பெட்டியைப் பரிசோதிக்கிற அதே பார்வை. நெற்றி, மூக்கு, மோவாய் என்று ஒவ்வொன்றாக நிதானமாக வந்தார்.

“என்னா வாத்தியாரே, தல இவ்ளோ நரச்சிடுச்சி? ஒடம்ப கவனிக்கிறதில்லையா நீங்க?”

அவ்வளவு அக்கறையாக என் முகத்தை யாரும் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.