கோழிகள் விட்டுக்கொடுத்த இடம்

கிண்ணியா,
மார்கழி, இஷாவுக்குப் பிறகு.

என் கண்ணான பஸ்மியா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மச்சானும் பிள்ளைகளும் அந்தக் கனடாப் பனிக்குள் உடம்பு நோகாமல் இருக்க அல்லாஹ் கிருபை செய்வானாக. நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பொய் எழுதக் கை கூசுகிறது. உங்கள் பக்கம் வரும் ஸைனுலாப்தீன் சாச்சாவிடம் நெத்தலிப் பார்சலோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஏன் போனில் சொல்லவில்லை என்று கோபிக்காதீர்கள். போனில் இந்தக் கதையைத் தொடங்கினால் கோழிக்கூட்டுக்குள் சத்தம் நின்றுவிடுகிறது, யாரோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி.

புயலோடு வந்த குளிரைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வெருகல் பக்கம் மாடுகளே விறைத்துச் செத்தன. நம் ஊரில் சுவெட்டர் என்பது நுவரெலியா போகிறவர்கள் இரவல் வாங்கும் சாமான். எனக்கோ என் மகள் ஹஸ்னாவை நினைத்துப் பயம். இந்தக் கோழிகளின் முட்டையைத் தவிர வேறொன்றும் அவள் வயிற்றில் தங்குவதில்லை, உங்களுக்குத் தெரியும். அதனால்தான் பனிக்குள் கோழி வளர்க்கும் உங்களிடம் கேட்டேன். நீங்கள் சொன்னதில் ஒன்றும் விடவில்லை: கூட்டைச் சுற்றிக் காற்றுக்கு மறைப்பாகப் படங்கு கட்டினேன், உமியை முழங்கால் உயரத்துக்குக் கொட்டினேன், மேலே காற்றுப் போக ஓட்டை விட்டேன், சிவப்பு பல்ப் போட்டேன், கொண்டை விறைக்காமல் ஒவ்வொன்றுக்கும் வாஸ்லின் பூசினேன். என் மனிதர் அர்ஷாக் பார்த்துவிட்டு, "கலியாணப் பொண்ணுக்கும் இவ்வளவு சோடனை இல்ல புள்ள," என்றார். எல்லாம் முடித்துத் திரும்பினால் கோழிகள் மாதுளை மரத்தடியில் நடுங்கிக்கொண்டு நிற்கின்றன, உள்ளே போகவே மாட்டோம் என்று. மஃரிப் பாங்கு சொல்கிறது. நான் கூட்டுக் கதவை அகலத் திறந்துவிட்டு, கடற்பக்கம் பார்த்து நின்று, "குளிருதுதானே, உள்ளுக்கு வந்து இருங்களேன்! எல்லாருக்கும் இடமிருக்கு!" என்று கத்தினேன். கோழிகள் அசையவில்லை. படங்குதான் ஒருதரம் உப்பி அடங்கியது. அதற்குப் பிறகு கோழிகள் வரிசையாக உள்ளே போயின, முன்னால் யாரோ போவது போலக் கொஞ்சம் தூரம் விட்டு.

மறுநாள் சுபஹ் தொழுதுவிட்டுப் பார்த்தேன். குளிருக்குக் கோழிகள் ஒட்டி இருக்கும் என்றீர்கள். ஒட்டித்தான் இருந்தன, அவை அடையும் கம்பின் இரண்டு முனையிலும். நடுவில் ஒரு ஆள் உட்காரக்கூடிய இடம் வெறுமை. கம்பு அந்த இடத்தில் மட்டும் நனைந்திருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன் (கெம்பசில் படித்த பிள்ளை செய்கிற வேலையா இது?), உப்பு. கொண்டைகளில் புது வாஸ்லின். நான் பூசினால் அப்பி வைத்தது போல் இருக்கும். இது அத்தனை பதமாக, ஓரம் பிசகாமல். அன்று பின்னேரம் கரண்ட் போய் முழுத்தெருவும் இருண்டது. கூட்டு பல்ப் மட்டும் எரிகிறது. பக்கத்து வீட்டு முத்தலிப் காக்கா மதிலால் எட்டி, "உங்கட கோழிக்கு மட்டும் ஆரு புள்ள லைன் இழுத்துக் குடுத்த?" என்றார். அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன்.

"கோழியக் கூப்பிட அரிசியக் காட்டினாக் காணும். கதவையும் திறந்து, லைட்டும் போட்டு, மஃரிப் நேரத்தில 'எல்லாருக்கும் இடமிருக்கு' எண்டா, நானே வந்திருப்பன்."

"நீங்க வரல்லயே காக்கா!"

"அதத்தான் நானும் சொல்றன். வந்தது நானில்ல."

அர்ஷாக்கிடம் சொன்னால், துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்க்கிற மனிதர், "காத்துப் புள்ள, காத்து," என்றுவிட்டு நைட் டியூட்டிக்குப் போகிறார். போகும்போது கூட்டுப்பக்கம் வராமல் முன் ஒழுங்கையால் சுற்றிப் போகிறார். ஹஸ்னாவுக்குத்தான் பயமில்லை. வலையில் முகத்தை வைத்துக் கதைத்துக்கொண்டே இருக்கிறாள்.

"ஆரோட மகள் கதைக்கிற?"

"உள்ளுக்கு இருக்கிறவவோட. அவக்குக் கால் காயுதே இல்லயாம், உம்மா."

ஆகவே ராத்தா, இது உங்கள் கலியாணத்துக்கு வாப்பா கட்டித் தந்த சீதன வீடு. நீங்கள் கனடா போனதால் நான் காவலிருக்கிறேன், அவ்வளவுதான். எனக்கென்று கட்டும் வீட்டுக்கு இன்னும் கூரை ஏறவில்லை, பரவாயில்லை. நாளைக் காலை கோழிகளை முத்தலிப் காக்காவிடம் ஒப்படைத்து, சாவியை வாப்பாவின் கையில் வைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உம்மாவிடம் போகிறேன். ஆர் சொன்னாலும் இந்த முடிவு மாறாது.

மச்சானுக்கு என் சலாம். பிள்ளைகளின் உச்சியில் என் முத்தம். உங்கள் கோழிகளைக் கூட்டுக்குள் கூப்பிடும்போது வாயைக் கவனமாகத் திறவுங்கள். வல்ல அல்லாஹ் நம் இரு வாசல்களையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட தங்கச்சி,
றிஷானா

பி.கு.: சாச்சாவின் பயணம் பிந்தியதால் உறையைப் பிரித்து எழுதுகிறேன். நாங்கள் போகவில்லை. கோழிகளைக் கொடுக்கப் போனால், முத்தலிப் காக்கா தன் கோழிகளைப் புதைத்துக்கொண்டிருந்தார். குளிருக்கு ஒன்றும் தப்பவில்லை. நம்முடையவை எல்லாம் உயிரோடு, ஒவ்வொன்றின் கீழும் முட்டை. ஹஸ்னா வயிறாறச் சாப்பிட்டாள். அந்த நடு இடத்தில் கை வைத்துப் பார்த்தேன், ராத்தா. இப்போது வெதுவெதுப்பாக இருக்கிறது. பிள்ளைக்குச் சாப்பாடு தருகிற இடத்தை விட்டு எங்கே போவது? ஒன்றுதான் பிரச்சினை. உள்ளுக்கு இருக்கிறவவுக்குக் கூடு நெருக்கமாம், கால் நீட்ட ஏலாதாம். வீட்டுக்குள் உங்கள் அறை சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது என்று ஹஸ்னாவிடம் கேட்டுவிட்டிருக்கிறா. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீடு உங்களுடையது. குசினிக் கதவடியில் காத்து நிற்கிறா. சுருக்காகப் பதில் போடுங்கள்.