சாகும் நேரத்தில் பலே சொன்னதற்காக

அன்புள்ள மருமகன் தோங்மானுக்கு,

ஜோன்ஜுவிலிருந்து உன் தாய்மாமா எழுதுகிறேன். இங்கே கிங்கோ மரங்கள் மஞ்சளாகிவிட்டன. உதிர்ந்த கொட்டைகள் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்து நாறுகின்றன. மற்றபடி எல்லோரும் சௌக்கியம். சியோலில் காலைக் குளிர் அதிகம் என்கிறார்கள். தொண்டையைப் பார்த்துக்கொள். இப்படி அக்கறையாக எழுதவே எனக்குக் கூசுகிறது. ஞாயிற்றுக்கிழமை உன் நாடகத்தில் நடந்ததற்கு நேரில் மன்னிப்புக் கேட்க முகமில்லாமல்தான் இந்தக் கடிதம்.

குழந்தைகளைத் திட்டாதே. தாவோனுக்கு ஏழு வயது, யூலுக்கு ஐந்து; இருவரும் அதுவரை மேடை நாடகம் பார்த்ததில்லை. பேரப்பிள்ளைகளைத் தயார்செய்து கூட்டிப்போவோம் என்று ஒரு வாரம் பாடம் நடத்தினேன். "டிவியில இருக்கறவங்களுக்கு நாம இருக்கறதே தெரியாது. மேடையில நிக்கறவங்களுக்கு நம்ம குரல் கேக்கும். நாம குரல் கொடுத்தாத்தான் அவங்களுக்கு உசுரு வரும்" என்றேன். உதாரணம் இல்லாமல் எனக்குப் பாடம் வராது என்பது உனக்கே தெரியும். நம் ஊர்ப் பன்சோரிக் கதைப்பாட்டுக் கச்சேரியை உதாரணமாக எடுத்தேன். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் கூட்டம் "பலே!", "அப்படித்தான்!" என்று சொல்லாவிட்டால், எல்லோரும் தூங்கிவிட்டீர்களா என்று அவரே கேட்பார் அல்லவா? சாப்பாட்டு மேசையை மத்தளமாக்கி நான் பாட, இருவரும் இடம் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால்கூட யூல் பலே சொல்லாமல் விடவில்லை. மேடை என்றால் எனக்கு அதுதான். மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாத நாடகமும் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வாசலில் சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெண் எச்சரித்தாள். "ஐயா, சின்னப் பசங்க சத்தம் போடுவாங்களே?" நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் ரிட்டயர்டு வாத்தியார்மா. எந்த இடத்துல போடணும்னு சொல்லிக்கொடுத்துதான் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, குனிந்து வணங்கி உள்ளே விட்டாள்.

இவ்வளவுக்கும் அன்றைக்கு என்ன நாள்! நடிக்கப் போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் முகத்தைப் பார்த்துப் பேசாத உன் அப்பா, தன் முளைப்பயறு சூப்புக் கடையைப் பட்டப்பகலில் மூடிவிட்டு, கல்யாணத்துக்குப் போகிற கோட்டை மாட்டிக்கொண்டு சியோலுக்கு ரயிலேறிய நாள். வழியெல்லாம் முறைப்பு. "வாத்தியாரே, நீங்க கூப்பிட்டதுக்காக வரேன். சூப்பு ஊத்தத் தெரியாதவன் மேடையில என்னத்தக் கிழிக்கப்போறான்?" என்றார். அவர் மனது மாறினால் இன்று மாறும், இல்லாவிட்டால் இல்லை என்று நினைத்துத்தான் அவரை என் பக்கத்திலேயே உட்காரவைத்தேன். அவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள்.

நரைத்த முடி வைத்து, தோளைக் குறுக்கிக்கொண்டு நீ வந்து நின்றாய். அசல் உன் அப்பா! அவர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசிக் காட்சியில் நீ பாயில் படுத்து, வராத மகனுக்காக வாசலைப் பார்த்து, இழுத்து இழுத்து மூச்சு விட்டாய். அரங்கமே உறைந்திருந்தது. நீ ஒரு மூச்சு விட்டு நிறுத்தினாய். "பலே!" என்றான் யூல். நீ இருமினாய். "அப்படித்தான்! அப்படித்தான்!" என்றாள் தாவோன். நான் கையை ஆட்டினேன். அதைத் தாளம் என்று நினைத்துக்கொண்டார்கள். நீ சாகச் சாக அவர்கள் உற்சாகப்படுத்தினார்கள். எனக்கு முன்னால் இருந்த அம்மாள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அது அழுகை இல்லை. ஒரு வாத்தியாராக இதை மட்டும் சொல்கிறேன்: ஓர் இடத்தில்கூடத் தாளம் தப்பவில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

அப்போதுதான் உன் அப்பா எழுந்தார். யாரையும் பார்க்காமல், உட்கார்ந்திருந்தவர்களின் கால்களை மிதித்துக்கொண்டு இருட்டில் வெளியே போனார். விளக்கு வந்து, நீ எழுந்து எல்லோரையும் வணங்கினாய். உன் கண் அந்தக் காலி நாற்காலியில் நின்றதை நான் பார்த்தேன். யூலோ நாற்காலிமேல் ஏறி, "தாத்தா, மாமா பொழச்சுட்டாரு! நாங்க கத்தினதாலதான்!" என்று கூத்தாடினான். அந்தச் சத்தத்தில் நான் தலை குனிந்தேன். இன்னும் நிமிரவில்லை.

திரும்பி வரும்போது உன் அப்பா வழியெல்லாம் ரயில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு நாளில் உனக்குக் கிடைக்க வேண்டியதை நான் கெடுத்துவிட்டேன். இனி எந்தக் குழந்தையையும் எந்த அரங்கத்துக்கும் அழைத்துப்போக மாட்டேன். எதையும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவும் மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு. நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும்.

உன் மாமா,
ஓ பியோங்தே

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உன் அப்பா போன் செய்தார். கடையில் பாத்திரம் உருளும் சத்தத்துக்கு நடுவே, "வாத்தியாரே, கடைசியில எந்திரிச்சானா?" என்று கேட்டார். "யாரு?" என்றேன். "யாரா? எம்புள்ள! படுத்தவன் எந்திரிச்சானா இல்லையா? என்னால பாக்க முடியல, அதான் வெளிய வந்து நின்னேன்" என்றார். யூல் போனைப் பிடுங்கி, "எந்திரிச்சுட்டாரு சூப்புத் தாத்தா! நாங்க எழுப்பிட்டோம்!" என்று கத்தினான். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நல்ல காரியம் பண்ணினடா" என்றார்.

சனிக்கிழமைக்கு நான்கு இருக்கை எடுத்துவை. குழந்தைகள் இரண்டு பக்கமும் உட்கார்ந்தால்தான் வருவாராம்.