உடன்பிறந்தவள் கையெழுத்து

மனைவியோடு வாய்ச்சண்டை போட்டு ஜெயித்த ஆண் தூத்துக்குடியில் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே இனி சட்டத்தால் ஜெயிப்பது என்று தளவாய் முடிவெடுத்தான். அந்த முடிவை எடுத்த புத்தியை எந்தச் செருப்பால் அடிக்கலாம் என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறான்.

விவகாரம் இரண்டு வீடு.

ஒன்று, அவன் பார்த்தது. கடற்கரைச் சாலையில். மொட்டைமாடியில் ஏறினால் கப்பல் தெரியும். தளவாய்க்குத் துறைமுகத்தில்தான் வேலை. ஆனால் கிளியரிங் ஆபீஸின் ஜன்னலில்லாத அறையில் கன்டெய்னர் நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டியே முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. ஒரு கப்பலை முழுசாக, ஆற அமர, டீ குடித்துக்கொண்டே பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை.

இரண்டாவது, அவன் மனைவி சந்தனச்செல்வி பார்த்தது. மில்லர்புரத்தில். மாடியில் ஏறினால் அவள் அண்ணன் தங்கப்பாண்டி தெரிவார். ஏறாவிட்டாலும் தெரிவார். அந்த வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். அங்கே குடிபோய் இவன் தும்மினால் அங்கிருந்து, “என்ன மாப்ளே, சளியா? ஆவி புடியும்!” என்று குரல் வரும். ஏணி, ஸ்பேனர், பைக், பேப்பர் எல்லாம் அந்தச் சுவரைத் தாண்டும். திரும்பி வராது.

“கடக்கரை வீடு வேண்டாம். உப்புக் காத்துல மிக்ஸி கூட துருப்பிடிச்சிரும்” என்றாள் சந்தனச்செல்வி.

“மிக்ஸிக்காகவா வீடு வாங்குதோம்?”

“பொறவு? கப்பலுக்காகவா வாங்குதோம்? அது என்ன நம்ம சொந்தக்காரனா?”

“சரி, ஒன் வீட்டையே பாப்போம்” என்று தளவாய் தலையாட்டினான். மனசுக்குள் சிரித்தான். வங்கிக் கடன் வேண்டுமென்றால் வக்கீல் பத்திரத்தைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். எந்தப் பத்திரத்தில்தான் ஓட்டை இல்லை?

ஓட்டை இருந்தது.

வங்கி அனுப்பிய வக்கீல் ஜெபசெல்வி மேடம். நாசரேத்துக்காரர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பேசுவார். மில்லர்புரம் வீட்டை விற்கிற பேச்சிராஜா அண்ணாச்சியும் எதிரே உட்கார்ந்திருந்தார்.

“வில்லங்கச் சான்று கிளீன். பட்டா கிளீன். ஆனா வீடு உங்க அப்பா பேர்ல இருந்தது. அவர் உயில் எழுதல. வாரிசு சான்றுல உங்க அக்கா பேரும் இருக்கு. அவங்க கையெழுத்து எங்க?”

“அவ எதுக்கு மேடம்? கட்டிக் குடுத்தாச்சு.”

“கட்டிக் குடுத்தா வாரிசு இல்லைன்னு ஆயிருமா சார்? பங்கை விட்டுக்குடுத்தேன்னு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிட்டு வாங்க. அப்புறம்தான் லோன்.”

பேச்சிராஜாவின் முகம் தொங்கியது. அக்கா மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோகாமல் இவர் டிமிக்கி கொடுத்ததும், அன்றிலிருந்து அக்கா இருக்கும் ஆறுமுகநேரிக்கும் தூத்துக்குடிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதும் ஊரறிந்த கதை. அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

அக்கா சாகும்வரை கையெழுத்துப் போடமாட்டாள். தளவாய்க்கு மூக்குக்குள் கடற்காற்றே அடித்துவிட்டது. எழுந்து நின்றான். மேடை கிடைத்துவிட்டது என்று தொண்டையைச் செருமினான்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. கூடப் பொறந்தவ வயிறு எரிஞ்சா அந்த வீட்ல அடுப்பு எரியுமா? பொம்பளப் பிள்ளைக்கும் சமபங்கு! நகை போட்டு அனுப்பியாச்சுன்னு ஏமாத்துதவன் மனுசனே இல்ல! உங்க அக்கா கையெழுத்து வரட்டும். வந்தா இந்த வீட்ட நான் வாங்குதேன். இது சத்தியம்!”

“நல்லா சொன்னீய” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சந்தனச்செல்வி. கையில் செல்போனை வைத்துக்கொண்டு புருஷனை அப்படி ஒரு பெருமையோடு பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிப் பார்த்ததில்லை. அந்தச் சூட்டிலேயே ஒப்பந்தமும் போட்டான். அக்கா கையெழுத்து வந்தும் வாங்கவில்லை என்றால் அட்வான்ஸ் அம்பேல் என்ற வரியைச் சேர்க்கச் சொன்னதும் அவன்தான். பெருந்தன்மை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சந்தனச்செல்வி பேச்சிராஜாவை இழுத்துக்கொண்டு ஆறுமுகநேரிக்குப் போனாள். தட்டில் பட்டுச்சேலை, பழம், பூ, ஒரு ஜோடி தோடு. தாய்மாமன் சீர், காலேஜ் பிள்ளைக்கு. அக்கா கதவைத் திறந்தாள். தட்டைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். “இப்பவாது வந்தியே, பாவி!” என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணைத் துடைத்த கையோடு வந்து கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

செய்தி கேட்டபோது தளவாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டைத் தள்ளிவைத்தான்.

“மொகம் ஏன் இப்படிப் போவுது? நீங்க பேசின பேச்சுதான் அண்ணாச்சி மனச மாத்திச்சாம்.”

மச்சான் தங்கப்பாண்டி போனில் வந்தார். “மாப்ளே! இனிமே தெனமும் காலைல ஒண்ணா நடக்கப் போறோம்!”

வேறு வழியில்லை. வங்கி தருவது போக மீதிக்கு, ஆற்றங்கரை ஊரில் பூட்டிக் கிடக்கும் அப்பா வீட்டை விற்றாக வேண்டும். வாங்க ஒருவர் வந்தார். அவரும் பத்திரத்தை ஜெபசெல்வி மேடத்திடமே கொண்டுபோனார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

“உங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்காங்கல்ல சார்?”

“இருக்கா மேடம். அவளுக்குத்தான் நகை போட்டு...” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அதுவே போதும்.

தங்கை இசக்கித்தாய் உடன்குடியில் இருக்கிறாள். தளவாய் அரைக் கிலோ மக்ரூன் இனிப்பு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். பொங்கலுக்கு வாட்ஸப்பில் கரும்புப் படம் அனுப்புவதைத் தவிர அந்த வீட்டு வாசலை மிதித்து வெகுகாலமாகிறது.

“வாண்ணே. வழி தெரிஞ்சுதா?”

“என்னளா இப்படிக் கேக்க? ஒன்னப் பாக்கணும்போல இருந்துச்சு.”

“அப்படியா? பத்திரத்தையும் கூட்டிட்டு வந்திருக்கியே, அதுக்கும் என்னைப் பாக்கணும்போல இருந்துச்சோ?”

தளவாய் பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினான். “இல்லளா... சும்மா ஒரு கையெழுத்து...”

இசக்கித்தாய் செல்போனை எடுத்து ஒரு தட்டு தட்டினாள். அதிலிருந்து ஒரு குரல் முழங்கியது. “பொம்பளப் பிள்ளைக்கும் சமபங்கு! நகை போட்டு அனுப்பியாச்சுன்னு ஏமாத்துதவன் மனுசனே இல்ல!”

“மதினி அன்னைக்கே அனுப்பிட்டா. தெருவே கேட்டுச்சு. எதுத்த வீட்டு ஷெர்லி, ‘ஒங்க அண்ணன் தங்கமானவர்க்கா’ன்னு கண் கலங்கிட்டா.”

தளவாய்க்குத் தன் குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. யாரோ நல்லவன் பேசுவது மாதிரி இருந்தது.

“இசக்கி... ஒனக்கு என்ன வேணும்? சொல்லு.”

அவள் மக்ரூன் பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒண்ணும் வேண்டாம்ணே. அப்பா போனப்பவே நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா எழுதிக் குடுத்திருப்பேன். நீ கேக்கவே இல்லியே.”

கப்பல், சுவர், மச்சான் எதுவும் அந்த நேரம் நினைவில் இல்லை. அவள் சின்னப்பிள்ளையாய்த் தன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்கு வந்தது மட்டும் வந்து போனது. “தப்புதான் தாயி” என்றான். நிஜமாகவே சொன்னான்.

“சரி, அழாத. கையெழுத்துப் போடுதேன். ஆனா நீ வாங்குத வீடு மதினி பேர்ல இருக்கணும்.”

“என்னது?”

“என் பங்கு எனக்குத்தான் வரல. இன்னொரு பொம்பளைக்காவது போவட்டும். மதினிகிட்ட நேத்தே சொல்லிட்டேன். அவளுக்குச் சம்மதம்தான்.”

அவளுக்கு ஏன் சம்மதம் இருக்காது?

பத்திரப் பதிவு அலுவலகத்தில் சந்தனச்செல்வி பட்டுச்சேலையில் வந்திருந்தாள். கேமரா முன்னால் உட்கார்ந்தாள். கைரேகை வைத்தாள். கடனுக்கு மாதாமாதம் தளவாயின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதென்று வங்கியில் ஏற்கனவே எழுதிக் கொடுத்தாயிற்று. அடுத்து நாம்தான் என்று தளவாய் தலையைச் சீவிக்கொண்டு நாற்காலியில் உட்காரப் போனான்.

“சார், சார்! நீங்க யாரு?” என்று தடுத்தார் கேமராக்காரர்.

“நான் இவ மாப்பிள்ளை.”

“வாங்குறவங்க, விக்கிறவங்க மட்டும்தான் போட்டோ. நீங்க தள்ளி நில்லுங்க. ஆதார் வச்சிருக்கீங்களா? சாட்சிக்கு ஒரு ஆள் குறையுது.”

தளவாய் பேனாவை வாங்கி, இரண்டாம் சாட்சிக்கான இடத்தில் கையெழுத்துப் போட்டான். முதல் சாட்சியாக மச்சான் ஏற்கனவே போட்டிருந்தார்.